ட்ரனாயை ஏற்றுக்கொண்டவர்கள் ட்ராக்தைரை ஏன் திட்டுகிறார்கள்?

கேள்வி இது: "வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் ட்ரனாய் இனத்தைக் கொண்டுவந்தபோது பழைய கதையையே புரட்டிப் போட்டார்கள். இன்று அந்த இனத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். 2022இல் வந்த ட்ராக்தைர் என்ற டிராகன் மனித இனம் பழைய கதையில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஆனால் 'லோரில் ஒட்டவே இல்லை' என்று அவர்களைத்தான் திட்டுகிறார்கள். இதில் என்ன நியாயம்? கற்பனை உலகம்தானே, எதை வேண்டுமானாலும் சேர்த்துவிட்டுப் போகலாமே?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். காட்டில் புதிதாக ஒரு தவளை இனத்தைக் கண்டுபிடித்தால், "இத்தனை நாள் இது எங்கே இருந்தது?" என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. நமக்குத் தெரியாமலேயே இந்த உலகம் இருந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கேம் உலகம் அப்படி இல்லை. அங்கே எழுதிவைத்ததைத் தவிர வேறு எதுவுமே கிடையாது. போர்கள், வம்சங்கள், எந்த ஊர் எப்போது அழிந்தது, எந்த இனம் எதிலிருந்து பிறந்தது என்கிற இந்தக் கணக்கைத்தான் லோர் என்கிறோம். கற்பனை என்பதாலேயே அந்தக் கணக்கு இறுக்கமாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் உலகம் என்று அங்கே இருப்பது அது ஒன்றுதான். அப்புறம், ரோல்பிளே சர்வர்களில் ஆடுகிறவர்கள் தங்கள் கதாபாத்திரத்துக்கு அப்பா யார், எந்தப் போரில் கையை இழந்தான், யாரை மன்னிக்க மாட்டான் என்றெல்லாம் எழுதிவைத்து ஆண்டுக்கணக்கில் அதன்படி ஆடுகிறார்கள். கேமை உருவாக்கும் பிளிசார்டு நிறுவனம் ஒரு பத்தியை மாற்றினால் அவர்களுடைய கதாபாத்திரத்தின் வாழ்க்கையே மாறிப்போகும். ஆகவே கோபத்தை வெட்டித்தனம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தக் கோபம் எதன் மேல் பாய்கிறது என்பதில்தான் குழப்பம். ரசிகர்கள் வாயால் சொல்வது "முரண்பாடு". உண்மையில் அவர்களை உறுத்துவது பெரும்பாலும் அது இல்லை. உங்கள் உதாரணமே அதற்குச் சாட்சி.

ட்ரனாய் விஷயத்தில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 கேமோடு ஒரு கையேடு வரும். இப்போது போல இணையத்தில் தேடிப் படிக்கிற பழக்கம் அவ்வளவு இல்லாத காலம், அந்தக் கையேட்டை மனப்பாடமாகப் படித்தவர்கள் ஏராளம். அதில் எரெடார் என்பவர்கள் பிறவியிலேயே தீய மந்திரவாதிகள். உலகங்களைக் காக்கும் டைட்டனான சார்கெரஸ் அவர்களோடு மோதி, அவர்களுடைய தீமையின் ஆழத்தைக் கண்டு மனம் உடைந்துதான் பின்னால் தீயவனாக மாறுகிறான். மறுபக்கம், 2003இல் வந்த ஃப்ரோசன் த்ரோன் விரிவாக்கத்தில் ட்ரனாய் என்று ஓர் இனம் வருகிறது. கூன் விழுந்த, சிதைந்த உடல், சிதிலமான ஒரு கிரகத்தில் ஒளிந்து வாழும் வாழ்க்கை, அகாமா என்று ஒரு தலைவன். எரெடாருக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கேமில் எதிரெதிரான இரண்டு அணிகள் உண்டு, அலையன்ஸ், ஹோர்டு. 2006 மே மாதம் பர்னிங் க்ரூசேட் விரிவாக்கத்துக்கான புதிய அலையன்ஸ் இனத்தை அறிவிக்கிறார்கள். நீல நிறத்தில், நெடிய உடலோடு, குளம்புக் கால்களோடு, விண்வெளிக் கப்பலில் வந்து விழுந்தவர்கள். பெயர் ட்ரனாய். கூன் விழுந்த கூட்டத்துக்கும் இவர்களுக்கும் என்ன உறவு என்று கேட்டால், அவர்கள் இந்த இனத்திலிருந்தே சிதைந்துபோனவர்கள் என்றார்கள். சரி, இந்த இனம் எங்கிருந்து வந்தது? ஆர்கஸ் என்கிற கிரகத்திலிருந்து. அங்கே இவர்களுக்கு என்ன பெயர்? எரெடார். அதாவது எரெடார் முதலில் நல்லவர்கள், அறிவாளிகள், சார்கெரஸ்தான் வந்து அவர்களைக் கெடுத்தான். கையேட்டில் இருந்ததற்கு நேர் தலைகீழ். யார் யாரைக் கெடுத்தார்கள் என்கிற முதல் புள்ளியே மாறிவிட்டது. உலகத்தின் பெரிய வில்லனுடைய பிறப்புக் கதை அது. விண்வெளி ஆடுகள் என்று கேலி வேறு.

அப்போது கதைப் பொறுப்பில் இருந்த கிறிஸ் மெட்சன் பூசி மெழுகவில்லை. அந்தக் கையேட்டுப் பகுதியைத் தான்தான் எழுதியதாகவும், எழுதி நான்கு வருஷம் ஆகிவிட்டதால் அப்படி எழுதியதையே மறந்துவிட்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். முரண்பாடு என்று ரசிகர்கள் காட்டியது முரண்பாடுதான் என்று ஒத்துக்கொண்டார். ரெட்கான் என்று நாம் சொல்கிற, நடந்துமுடிந்த கதையைப் பின்னால் போய்த் திருத்துகிற வேலை பொதுவாகத் திட்டமிட்டு நடப்பதாக நினைக்கிறோம். இங்கே அது ஞாபக மறதியில் நடந்தது!

இந்த மறதி அபூர்வமானதும் இல்லை. பிளிசார்டின் ரசிகர் மாநாடான பிளிஸ்கானில், 2010இல், சிவப்புச் சட்டை போட்ட ஓர் இளைஞர் மைக்கில் வந்து, குள்ளர்களின் மூவர் சபையில் ஃபால்ஸ்டாட் வைல்டுஹேமர் ஏன் இல்லை என்று கேட்டார். மேடையில் இருந்தவர் "அவர்தான் இறந்துவிட்டாரே" என்கிற மாதிரி பதில் சொல்ல, இல்லை, அவர் உயிரோடு இருக்கிறார், உங்கள் கேமிலேயே ஏரி பீக் என்ற ஊரில் தலைவராக நின்றுகொண்டிருக்கிறார் என்று அந்த இளைஞர் திருத்தினார். பிளிசார்டு ஃபால்ஸ்டாடைச் சபையில் சேர்த்தது. கூடவே குள்ளர்களின் நகரமான அயர்ன்ஃபோர்ஜில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு குள்ளனையும் நிறுத்திவைத்தது. அவன் பதவி "வைல்டுஹேமர் தகவல் சரிபார்ப்பாளர்". எழுதுகிறவர்களைவிடப் படிக்கிறவர்களுக்கு நினைவு அதிகம் என்பதை நிறுவனமே ஒத்துக்கொண்டு சிலை வைத்த மாதிரி ஆயிற்று.

சரி, ட்ரனாய்க்கு வருவோம். முரண்பாடு அவ்வளவு பெரியது என்றால் அந்த இனம் பிழைத்தது எப்படி? மாற்றிய வரியை அப்படியே தொங்கவிடாமல், அந்த மாற்றத்தின் விளைவுகளை அடுத்த பத்து வருஷத்துக்கு எழுதினார்கள். ஆர்கஸில் மூன்று தலைவர்கள்: வேலன், கில்ஜெய்டன், ஆர்க்கிமாண்ட். சார்கெரஸ் அதிகாரம் தருகிறேன் என்று வந்தபோது இரண்டு பேர் சம்மதிக்கிறார்கள், வேலன் மட்டும் தன்னை நம்பியவர்களைக் கூட்டிக்கொண்டு தப்பி ஓடுகிறார். வார்கிராஃப்ட் 3இல் கில்ஜெய்டனும் ஆர்க்கிமாண்டும் வெறும் பெரிய பேய்கள். பர்னிங் க்ரூசேடுக்குப் பிறகு அவர்கள் ஒருவரின் பழைய நண்பர்கள். இதனால் ஹோர்டைச் சேர்ந்த ஆர்க் இனத்தின் கதையும் கனமாகிறது. கில்ஜெய்டன் ஏன் ட்ரனோர் கிரகத்துக்கு வந்து ஆர்க்குகளைக் கெடுத்தான்? வேலன் அங்கே ஒளிந்திருந்ததால். தங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்த ட்ரனாயை ஆர்க்குகள் கொன்று குவித்தது யாருடைய பழைய பகைக்காக என்பது இப்போது தெரிகிறது. 2017இல் கில்ஜெய்டன் சாகும் காட்சியில், வேலனிடம் தான் எப்போதும் பொறாமைப்பட்டதாகச் சொல்லிவிட்டுத்தான் சாகிறான். 2002 கையேட்டை அப்படியே காப்பாற்றியிருந்தால் இந்தக் காட்சியை எழுதியிருக்கவே முடியாது.

இன்னொரு சின்ன உதாரணம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். அதுவரை ஷாமன் என்ற கிளாஸ், அதாவது கதாபாத்திரத்தின் தொழில், ஹோர்டுக்கு மட்டும், பாலடின் என்ற புனித வீரர் கிளாஸ் அலையன்ஸுக்கு மட்டும். பர்னிங் க்ரூசேடில் இரண்டையும் இரு பக்கமும் தர முடிவு செய்தார்கள். ஹோர்டுக்கு வந்த பிளட் எல்ஃப்கள் பாலடின் ஆனார்கள், ட்ரனாய் ஷாமன் ஆனார்கள். முழுக்க முழுக்க விளையாட்டுச் சமநிலைக்காக எடுத்த முடிவு. ஆனால் ட்ரனாய் ஒளியை வழிபடுகிறவர்கள், காற்றையும் நெருப்பையும் நிலத்தையும் கூப்பிடும் ஷாமனுக்கு அங்கே என்ன வேலை? அதற்குப் பதிலாக நோபுண்டோ என்று ஒருவரை உருவாக்கினார்கள். ஷட்ராத் நகரத்தைக் காக்கப் போராடிய வீரர். ஆர்க்குகள் ஏவிய நச்சுப் புகையில் உடல் சிதைகிறது. ஒளி அவருடைய வேண்டுதலுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறது. சொந்த இனமே அவரை ஒதுக்கிவைக்கிறது. பாலைவனத்தில் தனியாக இருக்கும்போது காற்று அவரிடம் பேசுகிறது. முதல் ட்ரனாய் ஷாமன் அவர்தான். பழைய கூன் விழுந்த ட்ரனாய்க்கும் புதிய நெடிய ட்ரனாய்க்கும் இடையிலான ஓட்டையை அவரை வைத்தே அடைத்தார்கள். எக்ஸோடார் கப்பலுக்குள் போனால், அழகான உடல்களுக்கு நடுவே அந்தச் சிதைந்த உருவம் குருவாக நிற்பதைப் பார்க்கலாம். கணக்குப் புத்தகத்தில் விழுந்த ஒரு ஓட்டையை மனிதக் கதையாக மாற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆக என் கருத்து இதுதான். புதிய இனம் பழைய வரிகளோடு மோதுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அது வந்ததால் ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு ஏதாவது ஆகிறதா என்பது. ஆகவில்லை என்றால், ஒரு முரண்பாடுகூட இல்லாத இனமும் வெளியாள் மாதிரிதான் நிற்கும்.

ட்ராக்தைர் அப்படித்தான் வந்து நின்றார்கள். நெல்தாரியன், அதாவது பின்னாளில் டெத்விங் ஆனவன், படைவீரர்களாக அவர்களை உருவாக்கினான். ஒரு கட்டத்தில் அவர்கள் ஃபர்பிடன் ரீச் என்ற தீவில் நீண்ட உறக்கத்தில் வைக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் கழித்து 2022 நவம்பரில், டிராகன்ஃப்ளைட் விரிவாக்கம் வரும் நேரத்தில் விழித்தார்கள். எங்கேயும் இடிக்காத கதைதான். ஒளித்துவைக்கப்பட்டிருந்தார்கள், யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் அவர்களைப் பற்றிப் பேசியதில்லை. முரண்பாடு பூஜ்யம். ஆனால் அவர்கள் இல்லாததால் இத்தனை நாள் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை, வந்ததால் அலையன்ஸ் தலைநகர் ஸ்டார்ம்விண்டிலோ ஹோர்டு தலைநகர் ஓர்க்ரிமாரிலோ யாருடைய தூக்கமும் கெடவில்லை. டிராகன் மனிதர்கள் விழித்தெழுந்து இரண்டு பக்கமும் பிரிந்து சேர்கிறார்கள், ஒரு வரவேற்பு உரை நடக்கிறது, அவ்வளவுதான். இத்தனைக்கும் டெத்விங் உலகத்தையே உடைத்தவன், அந்த உலகத்தில் அவனுடைய சொந்தப் படை வந்து நிற்கிறது. சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டாமா?

"ஒளிந்திருந்தார்கள்" என்பதே சோம்பேறித்தனமான உத்தி என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே கேம் அதே உத்தியை இரண்டு முறை நன்றாகவே கையாண்டிருக்கிறது.

ஒன்று, 2016இல் லீஜியன் விரிவாக்கத்தில் வந்த நைட்போர்ன் என்ற எல்ஃப் இனம். ஃப்ரோசன் த்ரோனில் சுராமர் என்ற பழைய எல்ஃப் நகரம் கடலடியிலிருந்து மேலே வந்த இடிபாடு. லீஜியனில் போய்ப் பார்த்தால் சுராமரின் மையப்பகுதி உயிரோடு இருக்கிறது, பத்தாயிரம் வருஷமாக ஒரு மந்திரக் கவிகைக்குள். கேட்டவுடனே "இது என்ன புதுக் கதை" என்று தோன்றும். ஆனால் அந்த ஒளிவுக்கு அவர்கள் கொடுத்த விலை அவர்கள் உடலிலேயே எழுதியிருக்கிறது. கவிகைக்குள் உணவு, காற்று, உயிர் எல்லாமே நைட்வெல் என்ற மந்திர ஊற்றுதான். அதிலிருந்து வடிக்கும் மதுவுக்கு மொத்த நகரமும் அடிமை. ஆட்சியை எதிர்த்தால் ஊரைவிட்டுத் துரத்துவார்கள். துரத்தப்பட்டவர் மந்திரம் கிடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்து, கடைசியில் நினைவே இல்லாத ஒரு பிணமாக அலைவார். நகரத்துக்கு வெளியே ஒரு குகையில் அப்படிப்பட்டவர்களுக்கு மந்திரப் பொருளைத் தேடிக் கொண்டுவந்து கொடுப்பதுதான் நம் வேலை. சில நாள் கழித்துப் போனால் மறுபடி கேட்பார்கள். ஆடிய பலருக்கும் அது எரிச்சல். ஆனால் பத்தாயிரம் வருஷம் பூட்டிக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த எரிச்சலை வைத்தே புரியவைத்தார்கள்.

இரண்டாவது பாண்டாரென். இவர்கள் பிறந்த கதையே வேடிக்கை. 2002 ஏப்ரல் ஒன்றாம் தேதி விளையாட்டுக்காக பிளிசார்டு வெளியிட்ட பாண்டா மனிதர்கள். ரசிகர்களுக்குப் பிடித்துப்போக, அடுத்த வருஷமே ஃப்ரோசன் த்ரோனில் மது காய்ச்சும் பாண்டா வீரனாக நுழைந்துவிட்டார்கள். 2011இல் அவர்களுக்கென்று ஒரு முழு விரிவாக்கம் அறிவித்தபோது, "குழந்தைகள் படம் மாதிரி இருக்கிறது" என்று பெரிய ரகளை. பாண்டாரியா என்கிற ஒரு கண்டமே மூடுபனிக்குள் பத்தாயிரம் வருஷம் மறைந்திருந்தது என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2012 செப்டம்பரில் கேம் வந்தபோது, கதையின் கருவே அந்த மூடுபனியாக இருந்தது. உலகம் பிளக்கப்போகிறது என்று தெரிந்ததும் பேரரசர் ஷாவ்ஹாவ் தன் நாட்டைக் காப்பாற்ற நினைக்கிறார். அதற்காகத் தன்னுடைய சந்தேகம், விரக்தி, பயம், கோபம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தன்னிடமிருந்து பிரித்து மண்ணுக்குள் அடைக்கிறார். பெருமிதத்தை மட்டும் விட்டுவைக்கிறார். பத்தாயிரம் வருஷம் கழித்து ஹோர்டும் அலையன்ஸும் தங்கள் சண்டையைக் கொண்டுவந்து அந்த மண்ணில் போட, அடைத்துவைத்தவை ஒவ்வொன்றாக ஷா என்ற உருவத்தில் வெளியே வருகின்றன. மிச்சம் வைத்த பெருமிதம் 2013இல், அந்த விரிவாக்கத்தின் கடைசி ரெய்டில், அதாவது பலர் சேர்ந்து ஆடும் பெரிய சண்டையில், எழுகிறது. ஒளிந்திருந்தது ஒரு சாக்காக இல்லாமல் பாவமாகவே எழுதப்பட்டது. இன்று பழைய ஆட்டக்காரர்களிடம் சிறந்த விரிவாக்கம் எது என்று கேட்டால் மிஸ்ட்ஸ் ஆஃப் பாண்டாரியாவின் பெயர் தவறாமல் வரும்.

வார்கிராஃப்டை விட்டு வெளியே வந்தால், இதே சண்டை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் இன்னும் மோசமாக நடந்தது. 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது, ஆட்டக்காரர் கையேட்டின் முதல் வரிசை இனங்களில் டிராகன்போர்ன் என்ற டிராகன் மனிதர்கள் நுழைந்தார்கள். பல வருஷமாக அங்கே இருந்த நோம் இனம் முதல் கையேட்டில் இடம் பெறவில்லை, மான்ஸ்டர் கையேட்டில்தான் இருந்தது. இதை வைத்து அதை வெளியிடும் நிறுவனமே, நோம் ஒருவன் "இனி நான் மான்ஸ்டர்" என்று உறுமிக் காட்டுகிற மாதிரி ஒரு கார்ட்டூன் போட்டது தனிக் கதை.

பிரச்சினை கையேட்டோடு நிற்கவில்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்பது அந்த விளையாட்டின் கதை நடக்கிற, 1987 முதல் நூல்களாகவும் வரைபடங்களாகவும் வளர்ந்துவந்த உலகம். அதில் டிராகன்போர்னுக்கு நாடு கிடையாது. என்ன செய்தார்கள்? மந்திரத்தின் தெய்வத்தைக் கொன்று, ஸ்பெல்பிளேக் என்ற பேரழிவைக் கொண்டுவந்து, கதையை சுமார் நூறு வருஷம் முன்னால் தள்ளினார்கள். அபெய்ர் என்ற இரட்டை உலகத்தின் துண்டுகள் வந்து இந்த உலகத்தின் மேல் விழுந்தன. உந்தர் என்ற பழைய நாடு இருந்த இடத்தில் டைமாந்தர் என்ற டிராகன்போர்ன் நாடு முளைத்தது. விளைவு இருக்க வேண்டும் என்று நான் சொன்னேனே, இங்கே விளைவுக்குப் பஞ்சமே இல்லை, எல்லாமே விளைவுதான். ஆனால் அது தப்பான திசையில் போன விளைவு. நூறு வருஷம் தாண்டியதில் ஆட்டக்காரர்கள் பழகியிருந்த மனிதக் கதாபாத்திரங்கள் பெரும்பாலும் வயதாகிச் செத்துப்போனார்கள். அந்த நாடுகளில் பல வருஷமாகக் கதை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் வீட்டு மேஜையில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். ஐந்தாம் பதிப்புக்கு வரும்போது இன்னொரு பேரழிவை வைத்து, போனதில் பாதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஓர் இனத்துக்கு இடம் கொடுக்க ஊரையே இடித்துவிட்டு, அப்புறம் ஊரை மறுபடி கட்டினார்கள். டிராகன்போர்ன் இனம் மட்டும் இந்த அமளியில் தப்பி, இன்று எல்லோருக்கும் பிடித்த இனங்களில் ஒன்றாக இருக்கிறது. அவர்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. கோபம் முழுக்க அவர்கள் வந்த வழியின் மேல்தான்.

அதே நிறுவனத்தின் எபெரான் உலகத்தில் அதே டிராகன்போர்ன் சத்தமில்லாமல் உள்ளே வந்தார்கள். அந்த உலகத்தில் க்யூபாரா என்று ஒரு காட்டுப் பிரதேசம் உண்டு. பல்லி மனிதர்கள் வாழும் இடம், சமீபத்தில்தான் மனிதர்கள் குடியேறியிருக்கிறார்கள். டிராகன்போர்ன் இத்தனை காலமும் அங்கேதான் இருந்தார்கள், குடியேறியவர்களுக்குச் செதில் வைத்த எல்லோரும் ஒன்றுதான், வித்தியாசம் பார்க்கத் தெரியவில்லை. இந்த ஒரு வரியில் இனமும் உள்ளே வந்துவிட்டது, குடியேறியவர்களின் அலட்சியமும் தெரிந்துவிட்டது. யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. எனக்கு இதில் பொறாமையே உண்டு.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கேம் வரிசையின் ஆட்கள் வேறு வழியில் போனார்கள். காஜீட் என்கிற பூனை இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் வந்த ஏரீனாவில் அவர்கள் கிட்டத்தட்ட மனிதர்கள் மாதிரி இருப்பார்கள். 1996இல் டேகர்ஃபாலில் மனித உடல், வால் உண்டு. 2002இல் மாரோவிண்டில் முழுப் பூனை முகம், பூனைக் கால். உண்மைக் காரணம் வரைகலை வளர்ந்ததும் எண்ணம் மாறியதும்தான். நம்மூர் சீரியலாக இருந்தால் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், மூன்றையுமே உண்மை என்று வைத்துவிட்டார்கள். காஜீட் குழந்தை பிறக்கும்போது மாசர், செகுண்டா என்ற இரண்டு நிலவுகளும் எந்தப் பிறையில் இருக்கின்றனவோ, அதைப் பொறுத்து உடல் அமையும். ஏரீனாவில் பார்த்தவர்கள் ஓம்ஸ் என்ற வகை. பார்க்க எல்ஃப் மாதிரியே இருப்பதால், தங்களைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று முகத்தில் பச்சை குத்திக்கொள்வார்களாம். அந்த "பச்சை குத்திக்கொள்வார்களாம்" என்கிற இடத்தில்தான் எழுத்தாளரின் கைத்திறன் இருக்கிறது. பழைய கேமின் பிழை ஓர் இனத்தின் கூச்சமாகவே ஆகிவிட்டது. 2019இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், எல்ஸ்வெயர் பகுதியைத் திறந்தபோது, வீட்டுப் பூனை அளவில் மந்திரம் போடும் அல்ஃபீக்கும் மனிதரைச் சுமக்கிற அளவு பெரிய வகையும் ஒரே தெருவில் நடந்தன. அங்கே யாரும் "இது எப்போது சேர்த்தது" என்று கேட்கவில்லை.

எல்டர் ஸ்க்ரோல்ஸுக்கு இது எளிது, ஏனென்றால் ஆரம்ப காலத்திலிருந்தே அங்கே வரலாறு என்பது கேமுக்குள் கிடைக்கிற புத்தகங்கள்தான். ஒவ்வொன்றையும் ஒரு கட்சிக்காரர் எழுதியிருப்பார், ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். ஆட்டக்காரரும் அப்படித்தான் படிக்கப் பழகியிருக்கிறார். வார்கிராஃப்ட் இதைப் பின்னால் கடன் வாங்கப் பார்த்து மாட்டிக்கொண்டது. 2016 முதல் 2018 வரை க்ரானிக்கிள் என்று மூன்று தொகுதிகள் கெட்டி அட்டையில் வந்தன. இதுதான் இனி இறுதியான வரலாறு என்று எல்லோரும் வாங்கி அடுக்கினார்கள். சார்கெரஸ் ஏன் தீயவனானான் என்பதற்கும் அதில் புதிய பதில் இருந்தது. அப்புறம் கதை வேறு பக்கம் போனதும், அந்த நூல் டைட்டன்களின் பார்வையில் எழுதப்பட்டது, அதில் உள்ளதெல்லாம் நடந்ததுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். சொல்பவரை நம்ப வேண்டாம் என்பதைக் கதை தொடங்கும்போதே சொல்லியிருந்தால் அது உத்தி. காசு வாங்கி, தீர்ப்பு எழுதி, பிறகு சொன்னால் தப்பித்தல். இந்த விஷயத்தில் நான் முழுக்க ரசிகர்கள் பக்கம்.

ரசிகர்கள் பக்கம் நிற்க முடியாத ஒரு வாதமும் உண்டு, மக்கள்தொகை வாதம். வார்கிராஃப்டில் ஸ்கர்ஜ் என்ற பிணப்படையின் படையெடுப்பில் ஹை எல்ஃப்களில் பத்தில் ஒன்பது பேர் செத்தார்கள் என்பது லோர். அப்படியானால் ஹோர்டில் எந்த மூலையில் பார்த்தாலும், மிஞ்சியவர்களான பிளட் எல்ஃப் எப்படி என்று கேட்பார்கள். நோம்கள் கதையும் அதேதான், சொந்த நகரத்திலேயே நச்சுக் கதிர்வீச்சில் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். புதிய இனம் வரும்போதெல்லாம் "இத்தனை பேர் எங்கிருந்து?" என்று கால்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆட்டக்காரர்களின் தலையை எண்ணி ஓர் இனத்தின் தொகையை அளக்க முடியாது. அது கேமின் கணக்கு, கதையின் கணக்கு இல்லை. இதையும் முரண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தால் மற்ற நல்ல கேள்விகளுக்கும் மதிப்புப் போய்விடும்.

இன்னொரு பக்கம், முன்கூட்டியே இடம் வைத்திருந்தால் சண்டையே வராது என்பதற்கு எர்தன் சாட்சி. 2024இல் தி வார் விதின் விரிவாக்கத்தில் ஆடக்கூடிய இனமாக வந்த கல் மனிதர்கள். அவர்கள் வாழும் காஸ் அல்கார் பற்றி அதற்கு முன்னால் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை. ட்ராக்தைருக்குச் சொன்ன அத்தனை குறையையும் இவர்களுக்கும் சொல்லலாம். அவ்வளவாக யாரும் சொல்லவில்லை. காரணம், குள்ளர்கள் டைட்டன்கள் செய்த கல் மனிதர்களிடமிருந்து வந்தவர்கள் என்பதை 2004இலேயே உல்டமன் குகையின் கடைசி அறையில் நாம் படித்துவிட்டோம். அந்த அறைக்குப் போன ஒவ்வொரு குள்ளனும் இருபது வருஷமாகத் தன் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருந்தான் என்று சொல்லலாம். வந்தவர்கள் புதியவர்கள்தான், காத்திருந்தவர்கள் பழையவர்கள்.

ட்ராக்தைருக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு விமோசனமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023 மே மாதம் வந்த அபெரஸ் ரெய்டில் அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது. அது நெல்தாரியனின் ரகசிய ஆய்வுக்கூடம். படைத்தவனின் வாரிசு தாங்களே என்று சர்கரெத் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு அங்கே போகிறான். படைத்தவன் செய்தது கொடுமை, அது நமக்கு வேண்டாம் என்று எம்பர்தால் எதிரே நிற்கிறாள். உறங்கி எழுந்த இனத்துக்கு முதல் முறையாகச் சொந்தமாக ஒரு தகராறு கிடைத்தது. பிரச்சினை என்னவென்றால், தகராறு அவர்களுக்குள்ளேயே முடிந்துவிட்டது. டெத்விங் எரித்த ஊர்க்காரர்கள் யாரும் அதில் பேசவில்லை. கில்ஜெய்டனுக்கு வேலன் இருந்த மாதிரி, சர்கரெத்துக்கு எதிரே ஒரு ஸ்டார்ம்விண்டு தாயோ ஒரு ஹோர்டு விவசாயியோ நிற்கவில்லை.

நண்பர்களோடு அடுத்த முறை வாதம் வந்தால், "எந்த வரியோடு முரண்படுகிறது, காட்டு" என்று கேட்டால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள், ட்ராக்தைர் விஷயத்தில் அவர்களால் காட்ட முடியாது. ஆனால் அவர்கள் உங்களிடம் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்வி வேறு: "இவர்களை எடுத்துவிட்டால் டிராகன்ஃப்ளைட் கதையில் எந்தப் பழைய ஆளின் முடிவு மாறும்?" அதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நான் யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை.